ஏழாம் வகுப்பு டி பிரிவிலிருந்து ஒரு மடல்

மதிப்பிற்குரிய தாளாளர் ஐயா, முதல்வர் அம்மா, நிர்வாகக் குழுவினர் அனைவருக்கும்,

மதிப்பெண்ணை வைத்துப் பிள்ளைகளை ஏ, பி, சி, டி என்று பிரிப்பதைப் பற்றி முதலில் உங்களுக்கு மட்டும்தான் எழுதினேன். ஜூலையில் ஒரு முறை, ஆகஸ்டில் ஒரு முறை. இரண்டு கடிதத்தையும் பள்ளி அலுவலகத்தில் கொடுத்து, வாங்கிக்கொண்டதற்குக் கையெழுத்தும் பெற்றேன். பதில் இல்லை. காலாண்டுத் தேர்வு முடிந்து நடந்த பெற்றோர் கூட்டத்தில் எழுந்து கேட்டேன். "எங்க சிஸ்டம் இதுதாங்க. பிடிக்கலைன்னா டி.சி. வாங்கிக்கலாம்" என்றார்கள். கூட்டம் முடிந்து வண்டி எடுக்கப் போனபோது ஐந்தாறு பெற்றோர் என்னைச் சூழ்ந்துகொண்டு, "நல்லாக் கேட்டீங்க அக்கா" என்றார்கள். உள்ளே இருந்தவரை அவர்களில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். பிள்ளை ஒரு நாளில் எட்டு மணி நேரம் உங்கள் கையில் இருக்கிறது. அந்தப் பயம் எனக்கும் உண்டு. அதையும் மீறித்தான் எல்லோரும் படிக்கும்படி இதை எழுதுகிறேன். பள்ளியின் பெயரை எழுதவில்லை. ஊரார் முன் உங்களைத் தலைகுனிய வைப்பது என் நோக்கம் இல்லை, எனக்கு வேண்டியது மாற்றம்.

ஜூனில் பள்ளி திறந்த அன்று காலை, ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் எல்லோரையும் மைதானத்தில் நிறுத்தினீர்கள். ஆறாம் வகுப்பு முழு ஆண்டுத் தேர்வில் எடுத்த மொத்த மதிப்பெண் வரிசையில் பெயர்களை மைக்கில் வாசித்தீர்கள். முதல் 40 பேர் ஏ பிரிவு. அடுத்தது பி, அப்புறம் சி. கடைசியில் மீந்து நின்ற 38 பேர் டி. முந்தைய வருடம் வரை எல்லா மதிப்பெண்ணும் கலந்து உட்கார்ந்திருந்த வகுப்புகள் அவை. பெயர் வாசிக்க வாசிக்க, பக்கத்தில் நின்ற தோழி நகர்ந்து போவதைப் பார்த்துக்கொண்டே நின்றதாக என் மகள் சொன்னாள். கடைசிப் பெயராக யாரை வாசித்தார்கள் என்பது எல்லாப் பிள்ளைகளுக்கும் மனப்பாடம். அந்தப் பையனை இன்றும் வேனில் அவன் ரேங்க் எண்ணைச் சொல்லித்தான் கூப்பிடுகிறார்களாம். அன்று சாயங்காலமே அதே பட்டியல், மதிப்பெண்ணோடும் ரேங்கோடும், பெற்றோர் வாட்ஸ்அப் குழுவுக்கு வந்தது.

என் மகள் டி பிரிவில் இருக்கிறாள்.

பிரித்ததோடு முடியவில்லை. ஏ பிரிவுக்கு ஜே.இ.இ., நீட் ஃபவுண்டேஷன் வகுப்பு என்று தனிக் கட்டணமும் தனி ஆசிரியர்களும். அதற்கு நேரம் வேண்டும் என்று அவர்களுடைய ஓவியம், விளையாட்டு, நூலகப் பாடவேளைகளை எடுத்துவிட்டீர்கள். டி பிரிவுக்கும் அதே பாடவேளைகள் போயின. காரணம் வேறு, இவர்கள் பின்தங்கியவர்கள், எழுதிப் பழக வேண்டும் என்று. ஆக, 12 வயதுப் பிள்ளைகள் நான்கு வகுப்பில், பந்தைத் தொடவும் படம் வரையவும் அனுமதி பெற்றவர்கள் பி, சி பிரிவினர் மட்டும். இதை நேர அட்டவணையில் நீங்களே அச்சடித்துக் கொடுத்திருக்கிறீர்கள்.

நான் ஒரு பனியன் கம்பெனியில் 17 வருடமாகச் செக்கிங்கில் இருக்கிறேன். தினமும் நூற்றுக்கணக்கான பீஸ் என் கை வழியாகப் போகும். தையல் விட்டது, எண்ணெய்க் கறை பட்டது, அளவு மாறியது என்று பார்த்துப் பார்த்துப் பிரிப்பேன். நல்லது ஒரு பெட்டி, திருத்த வேண்டிய ஆல்டர் ஒரு பெட்டி, தேறாத செகண்ட்ஸ் ஒரு பெட்டி. தரம் பிரிப்பது என்றால் என்ன என்று யாரும் எனக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. அந்த வேலையிலேயே ஒரு ஒழுங்கு இருக்கிறது. வரிசையாகப் பத்து பீஸில் கழுத்துப் பட்டி சுருண்டு வந்தால், நாங்கள் துணியைக் குறை சொல்ல மாட்டோம். எழுந்து லைனுக்குப் போவோம். எந்த மிஷின், ஊசி மழுங்கிவிட்டதா, நூல் இழுப்பு சரியில்லையா என்று டெய்லரோடு சேர்ந்து பார்ப்போம். உங்களிடம் 38 பிள்ளைகள் கணக்கிலும் ஆங்கிலத்திலும் ஏறக்குறைய ஒரே இடத்தில் தடுக்கி நிற்கிறார்கள். எங்கே தடுக்குகிறது என்று பார்த்த ஆசிரியர் யார்? பார்ப்பதற்கு அவருக்கு நேரம் ஒதுக்கியது யார்? பெட்டியில் போட்டு டி என்று எழுதியதைத் தவிர இந்த ஐந்து மாதத்தில் என்ன நடந்தது என்று கேட்கிறேன்.

என் மகளைப் பற்றிச் சொல்கிறேன். அவளைப் பெருமை பேச இல்லை, உங்கள் பட்டியலில் எது விடுபட்டுப் போகிறது என்று காட்ட.

என் அம்மா கத்திரி, மிளகாய், கீரை போடுகிற சின்ன விவசாயி. உழவர் சந்தையில் கடை போடுகிறவர். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் என் மகள் அவள் அம்மாயியோடு சந்தைக்குக் கிளம்பிவிடுவாள். ஏழு வயதிலிருந்து இது பழக்கம். அன்றைய விலையைப் பலகையில் பார்த்து வந்து அம்மாயிக்குச் சொல்வாள், எடை போடுவாள், கணக்குச் சொல்வாள். ஒருவர் முக்கால் கிலோ கத்திரிக்காய், கால் கிலோ மிளகாய், அரை கிலோ தக்காளி கேட்பார். கத்திரி கிலோ 36, மிளகாய் 60, தக்காளி 28. பையில் போட்டு முடிக்கும் முன்பே "56 ரூபாய்ங்க" என்பாள். 100 ரூபாய்த் தாளை வாங்கிக்கொண்டு 44-ஐ எண்ணிக் கொடுத்துவிடுவாள். காகிதம் கிடையாது, செல்போன் கிடையாது. பேரம் பேசுகிறவரிடம் எங்கே விட்டுக்கொடுக்கலாம், எங்கே கூடாது என்றும் அவளுக்குத் தெரியும். வயதானவர் வந்தால் பையைத் தூக்கிக்கொண்டு வாசல் வரை போய்விட்டு வருவாள். பக்கத்துக் கடைக்காரர்கள் கணக்கில் சந்தேகம் வந்தால் அவளைத்தான் கூப்பிடுவார்கள்.

இதே பிள்ளை பின்னங்கள் பாடத்தில் வைத்த தேர்வில் 25-க்கு 6. அந்தத் தாளை எடுத்து வைத்துக்கொண்டு இரவு அவளோடு உட்கார்ந்தேன். நாலில் மூன்று பங்கு என்று பின்னத்தில் எழுதி, 36-இல் அது எவ்வளவு என்று ஆங்கிலத்தில் ஒரு கேள்வி. அவள் 36-ஐ நான்கால் பெருக்கி மூன்றால் வகுத்து 48 என்று எழுதியிருந்தாள். சிவப்பு மையில் ஒரு பெருக்கல் குறி. அதற்கு மேல் அந்தத் தாளில் ஆசிரியர் கை எதுவும் படவில்லை. நான் கேட்டேன், "கத்திரிக்கா கிலோ 36. முக்காக் கிலோ எவ்வளவு கண்ணு?" வாயை மூடும் முன் "27" என்றாள். அப்புறம் தாளையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். "ம்மா, இதைத்தான் கேட்டிருக்காங்களா?" என்றாள்.

முதல்வர் அம்மா, நீங்களும் ஒரு காலத்தில் கணக்கு ஆசிரியராக இருந்தவர் என்று சொல்வார்கள். அந்த ஒரு கேள்வியின் எடை உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. ஐந்து வருடமாக முக்காலும் அரையும் காலும் புழங்கும் பிள்ளைக்கு, மூன்றின் கீழ் கோடு போட்டு நான்கு எழுதினால் அதுதான் முக்கால் என்று யாரும் சேர்த்துக் காட்டவில்லை. பத்தாவது மட்டுமே படித்த நான் அன்றிரவு சேர்த்துக் காட்டினேன். பதினைந்து நிமிடம் ஆனது. மறுநாள் டி பிரிவில் அவளுக்குக் கிடைத்தது, தப்பான கணக்குகளைத் திருத்தி 20 முறை எழுதி வரும் தண்டனை. ஓவிய வகுப்பை எடுத்த நேரத்தில் நடந்தது அதுதான்.

இது என் வீட்டில் மட்டும் இருக்கிற கதையும் இல்லை. 2025 பிப்ரவரியில் நேச்சர் என்ற அறிவியல் இதழில் ஓர் ஆய்வு வந்ததைச் செய்தியில் படித்தேன். நோபல் பரிசு பெற்ற அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டஃப்லோ ஆகியோரும் அந்த ஆய்வுக் குழுவில் இருக்கிறார்கள். கொல்கத்தா, டெல்லிச் சந்தைகளில் வேலை செய்யும் பிள்ளைகளிடம் பொருள் வாங்கிக் கணக்குக் கேட்டிருக்கிறார்கள். சிக்கலான கணக்கையும் மனத்தாலேயே போட்டுச் சொன்ன பிள்ளைகள், அதே அளவுக் கணக்கைப் பாடப்புத்தக வடிவில் கொடுத்ததும் திணறினார்கள். மறுபக்கம், சந்தை வேலை தெரியாத பள்ளிப் பிள்ளைகள் தாளில் போட்டதைச் சந்தைக் கணக்காகக் கேட்டபோது போட முடியவில்லை. ஒரு பக்கத்துக்குத் தெரிந்தது மறுபக்கத்துக்குத் தெரியவில்லை. இதைப் படித்த அன்று எனக்கு அழுகை வந்துவிட்டது. என் மகளுக்கு மூளை இல்லை என்று ஒரு வருடமாக நானே நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஆமாம், நானும் அப்படி நினைத்தவள்தான். அதை மறைத்துவிட்டு உங்களை மட்டும் கேள்வி கேட்பது நியாயமாக இருக்காது. ஐந்தாம் வகுப்பில் அவள் மதிப்பெண் அட்டையைப் பார்த்துக் கை ஓங்கியிருக்கிறேன். "பக்கத்து வீட்டுப் பிள்ளையைப் பாரு" என்று சொல்லியிருக்கிறேன். நாங்கள் படிக்க முடியாமல் போனதைப் பிள்ளை படித்துத் தீர்க்க வேண்டும் என்ற வெறியில்தான் நகைச்சீட்டு எடுத்து உங்கள் பள்ளியில் சேர்த்தோம். உங்கள் வாசலில் மதிப்பெண் பெற்ற பிள்ளைகளின் படங்களோடு இருக்கும் ஃபிளெக்ஸைப் பார்த்துத்தான் வந்தோம். பெற்றோர் கேட்பதால்தான் நாங்கள் இப்படிச் செய்கிறோம் என்று நீங்கள் சொன்னால், அதில் உண்மை உண்டு. இப்போது அதே பெற்றோரில் ஒருத்தி வேறொன்றைக் கேட்கிறேன்.

அதே வாசலில் இன்னொரு பலகையும் இருக்கிறது. நர்சரிப் பிரிவுக்கு மேலே, மாண்டிசோரி முறைக் கல்வி என்று. மரியா மாண்டிசோரி 1907இல் ரோம் நகரத்தின் ஏழைக் குடியிருப்பு ஒன்றில் முதல் பள்ளியைத் தொடங்கியவர். 1939இல் நம் சென்னை அடையாறுக்கே வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தவர். போர்க்காலத்தில் கொடைக்கானலில் தங்கியிருந்தபோதும் பிள்ளைகளோடுதான் வேலை செய்தார். அவருடைய வகுப்பில் மூன்று வயதும் ஐந்து வயதும் ஒன்றாக இருக்கும். பெரிய பிள்ளையைப் பார்த்துச் சின்னது பழகும், சின்னதுக்குச் சொல்லிக் கொடுத்துப் பெரியது தெளியும். பரிசும் தண்டனையும் பிள்ளையின் உள்ளிருந்து வரும் ஆர்வத்தைக் கெடுத்துவிடும் என்பது அவர் கருத்து. என் மகள் எல்.கே.ஜி.யில் அந்த மரக் கட்டைகளையும் மணிகளையும் வைத்து விளையாடிய போட்டோவை நீங்களே எடுத்துக் கொடுத்தீர்கள், இன்றும் வீட்டில் இருக்கிறது. நாலு வயதில் பிள்ளை தன் வேகத்தில் கற்கலாம் என்று ஒப்புக்கொண்ட பள்ளி, 12 வயதில் ஏன் மைக் வைத்து வரிசை வாசிக்கிறது? அந்தப் பலகையைக் கழற்றச் சொல்லவில்லை. அதில் எழுதியிருப்பதை ஏழாம் வகுப்பு வரை கொண்டு வரச் சொல்கிறேன்.

பெற்றோர் கூட்டத்தில் நீங்கள் சொன்ன ஒரு வாதத்துக்குப் பதில் சொல்லியாக வேண்டும். "அரசுப் பள்ளியிலேயே அரும்பு, மொட்டு, மலர்னு பிரிக்கிறாங்களே" என்றீர்கள். என் தம்பி மகன் ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் படிக்கிறான். கொரோனாக் கால இடைவெளியைச் சரிசெய்ய 2022 ஜூனில் எண்ணும் எழுத்தும் திட்டத்தைக் கொண்டுவந்தார்கள். அதில் பிள்ளை கற்றிருக்கும் நிலைக்குத்தான் அரும்பு, மொட்டு, மலர் என்று பெயர். அவனுக்குத் தமிழில் மலர், கணக்கில் அரும்பு. பாடத்துக்குப் பாடம் நிலை வேறு. ஒரே அறை, ஒரே ஆசிரியர், பக்கத்தில் உட்காருவது அதே நண்பன். கணக்கில் தேறியதும் மொட்டுக்கு நகர்ந்தான், அதற்காக அவன் நண்பர்களையோ ஆசிரியரையோ விட்டுப் போக வேண்டியிருக்கவில்லை. அங்கே பிரிப்பது, அந்தப் பிள்ளைக்கு அடுத்து எதைக் கற்றுக்கொடுக்க வேண்டும் என்று தெரிந்துகொள்ள. உங்கள் டி பிரிவில் எல்லாப் பாடத்துக்கும் ஒரே டி. தமிழில் 91 வாங்குகிற என் மகளும், அறிவியலில் நன்றாகச் செய்து ஆங்கிலத்தில் தவறுகிற பையனும் ஒரே மொத்தக் கூட்டல் கணக்கில் அங்கே வந்து சேர்ந்திருக்கிறார்கள். மொத்த மதிப்பெண்ணை வைத்து எந்தப் பிள்ளைக்கு எது வரவில்லை என்று எப்படித் தெரியும்?

என் நாத்தனார் ஒன்றியப் பள்ளி ஆசிரியர். சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் 2003இல் தொடங்கிய செயல்வழிக் கற்றல் 2007-08இல் மாநிலம் முழுக்கத் தொடக்க வகுப்புகளுக்கு வந்த காலத்தில் வேலை பார்த்தவர். பாயில் உட்கார்ந்து, அட்டைகளை எடுத்து, ஏணிப்படி மாதிரி ஒவ்வொரு பிள்ளையும் தான் விட்ட இடத்திலிருந்து ஏறும். சுவரின் கீழ்ப்பகுதியில் பிள்ளைக்கு எட்டும் உயரத்தில் கரும்பலகை, ஒவ்வொருவருக்கும் ஓர் இடம். ஆசிரியருக்கு வேலை முதுகை ஒடிக்கும், எல்லாப் பள்ளியிலும் சரியாக நடந்தது என்று சொல்ல முடியாது என்பதையும் அவரே சொல்வார். ஆனால் அறுவடைக்காகப் பத்து நாள் வராமல் போன பிள்ளை திரும்பி வந்தபோது, "நீ பின்தங்கிட்டே" என்று ஒரு முறைகூடச் சொல்ல வேண்டி வந்ததில்லை என்பார். விட்ட அட்டையை எடுத்துக்கொண்டு அது பாட்டுக்கு உட்கார்ந்துவிடுமாம். ஏழை ஊராட்சிப் பள்ளியில் செய்து பார்க்க முடிந்ததை, ஸ்மார்ட் போர்டும் ஏசி அறையும் உள்ள இடத்தில் முயன்றுகூடப் பார்க்கக் கூடாதா?

ஏ பிரிவுப் பிள்ளைகளாவது நிம்மதியாக இருக்கிறார்களா என்றால் அதுவும் இல்லை. எங்கள் தெருவில் ஒரு பையன், ஏ பிரிவில் இருந்தவன். அவன் அம்மாவைக் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். இரண்டு மாதத்துக்கு ஒரு முறை மதிப்பெண் பார்த்துப் பிரிவு மாற்றுகிறீர்கள், அதற்கு ஷஃபிள் என்று பெயர். ஆகஸ்ட் ஷஃபிளில் அவன் மூன்று மதிப்பெண் குறைவில் பி-க்கு இறங்கினான். அன்றிலிருந்து தேர்வு நாள் காலையில் வயிற்று வலி, வாந்தி. டாக்டர் வயிற்றில் ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டார். அவன் கேரம் நன்றாக ஆடுவான், சாயங்காலம் எங்கள் வாசலில்தான் பலகை போடுவார்கள். இப்போது வருவதில்லை. என் மகளும் ஏ பிரிவில் இருக்கும் அவள் தோழியும் முதல் வகுப்பிலிருந்து ஒரே டப்பாவில் சாப்பிட்டவர்கள். ஒரே வேனில் வருகிறார்கள், பேசிக்கொள்வதில்லை. சண்டை எதுவும் இல்லை. "அவளுக்கு டைம் இல்லைம்மா, அவ ஏ" என்றாள். போன மாதம் ஞாயிற்றுக்கிழமை சந்தைக்குக் கூப்பிட்டதற்கு, "நான் வந்து கணக்குத் தப்பாச் சொல்லிட்டா அம்மாயிக்கு நஷ்டம் ஆகும்" என்று படுத்துக்கொண்டாள். ஐந்து வருடத்தில் ஒரு ரூபாய் தப்பாகச் சொல்லாத பிள்ளை. நான் தூக்கம் வராமல் கிடந்த இரவு அது.

சட்டம் பேச வேண்டிய இடத்துக்கு வந்துவிட்டேன். இவர்கள் ஏழாம் வகுப்புப் பிள்ளைகள், 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் கீழ் வருகிறவர்கள். அதன் 29ஆம் பிரிவு, பாடத்திட்டமும் மதிப்பீடும் குழந்தையின் முழு வளர்ச்சியையும் திறமையையும் மனத்தில் வைக்க வேண்டும், செயல்பாடு வழியாகக் குழந்தையை மையப்படுத்திக் கற்பிக்க வேண்டும், குழந்தையைப் பயமும் பதற்றமும் இல்லாமல் ஆக்க வேண்டும் என்கிறது. 17ஆம் பிரிவு உடல் தண்டனையோடு மனத் துன்புறுத்தலையும் தடை செய்கிறது. மைதானத்தில் கடைசிப் பெயராக வாசிக்கப்பட்டு நின்ற அந்தப் பையனுக்கு நேர்ந்தது என்ன என்று நீங்களே எடை போட்டுப் பாருங்கள்.

விசாகப்பட்டினத்தில் நீட் பயிற்சியில் இருந்த 17 வயது மாணவி இறந்த வழக்கில், 2025 ஜூலை 25 அன்று உச்ச நீதிமன்றம் நாடு முழுவதற்கும் வழிகாட்டு நெறிமுறைகள் கொடுத்தது. மதிப்பெண்ணை வைத்து மாணவர்களைத் தனித் தனி பேட்சாகப் பிரிப்பதையும், பலர் முன் அவமானப்படுத்துவதையும், சக்திக்கு மீறிய இலக்கு வைப்பதையும் கல்வி நிறுவனங்கள், குறிப்பாகப் பயிற்சி மையங்கள், கூடுமானவரை தவிர்க்க வேண்டும் என்று அதில் இருக்கிறது. கூடுமானவரை என்ற சொல்லை நானும் பார்த்தேன். உங்களுக்குக் கூடாமல் போனதற்கு என்ன காரணம் என்று ஆகஸ்ட் கடிதத்திலேயே கேட்டிருந்தேன். அந்த உத்தரவு வந்த அடுத்த மாதம்தான் ஷஃபிள் நடந்தது.

நம் மாநிலம் பொதுத் தேர்வு முடிவில் முதலிடம், இரண்டாமிடம் என்று அறிவிப்பதை 2017இலேயே நிறுத்திவிட்டது. 2025 ஆகஸ்டில் வந்த மாநிலக் கல்விக் கொள்கையோடு பிளஸ் ஒன் பொதுத் தேர்வும் போனது. பெரிய தேர்விலேயே வேண்டாம் என்று விட்டதை, ஆறாம் வகுப்புத் தேர்வுக்கு வாட்ஸ்அப்பில் போடுகிறீர்கள்.

"வெளியே போட்டி உலகம், இப்போதே பழகட்டும்" என்று தாளாளர் ஐயா சொன்னீர்கள். ஐயா, அந்த வெளி உலகத்தில்தான் நான் தினமும் நிற்கிறேன். 2025 ஆகஸ்ட் கடைசியில் அமெரிக்கா இந்தியப் பொருட்களுக்கு 50 சதவீதம் வரி போட்ட பிறகு எங்கள் கம்பெனியில் ஓவர்டைம் நின்றுபோனது. இரண்டாம் பருவக் கட்டணத்தை எப்படிக் கட்டினேன் என்று எனக்குத்தான் தெரியும். போட்டி எனக்குப் புதிது இல்லை. ஆனால் கம்பெனிக்குள் வந்து பாருங்கள். ஓவர்லாக் மிஷினில் வேகமானவர் பிளாட்லாக் மிஷினில் தடுமாறுவார். கழுத்து வைப்பதில் கெட்டிக்காரிக்குக் கை வைக்க வராது. புதிதாக வந்த பிள்ளைக்குப் பொறுமையாகச் சொல்லித் தருகிறவர் ஒருவர் இருப்பார், அவர் பீஸ் கணக்கில் எப்போதும் பின்னால்தான். அவர் லீவு போட்ட அன்று லைனே படுத்துவிடும். சூப்பர்வைசர் செய்கிற முதல் வேலை, யாருக்கு எது வரும் என்று தெரிந்து அந்த மிஷினில் உட்கார வைப்பது. நாற்பது பேரை ஒன்றிலிருந்து நாற்பது வரை வரிசைப்படுத்தி எந்தக் கம்பெனியும் ஒரு சட்டை தைத்ததில்லை. பிள்ளைகளை உலகத்துக்குத் தயார் செய்வதாக இருந்தால், ஒவ்வொருவருக்கும் எது வரும் என்று கண்டுபிடிப்பதிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

மதிப்பெண்ணே வேண்டாம் என்று நான் கேட்கவில்லை. பத்தாவதில், பிளஸ் டூவில் மதிப்பெண் இல்லாமல் எங்கள் பிள்ளைகளுக்குக் கதவு திறக்காது, எங்களுக்குச் சிபாரிசு செய்ய ஆள் கிடையாது. என் மகள் பின்னக் கணக்கைத் தாளிலும் போட்டாக வேண்டும். அதற்காகத்தான் கட்டணம் கட்டுகிறேன். அதைக் கற்றுக்கொடுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

ஆசிரியர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. டி பிரிவு வகுப்பாசிரியர் சின்னப் பெண், நல்ல மனசு. அவருக்கும் ரிசல்ட் சதவீதம் வைத்துத்தான் சம்பள உயர்வு என்று ஊரில் பேசிக்கொள்கிறார்கள். அது உண்மையானால் அதையும் மாற்றுங்கள். பயத்தில் இருக்கிறவர் பிள்ளையின் தப்பைப் பொறுமையாகப் பார்க்க மாட்டார்.

நான் கேட்பது இவைதான். அரையாண்டு விடுமுறை முடிந்து ஜனவரியில் பள்ளி திறக்கும்போது ஏழாம் வகுப்பின் நான்கு பிரிவுகளையும் பழையபடி கலந்துவிடுங்கள். எட்டாம் வகுப்பிலும் இப்படிப் பிரிக்க மாட்டோம் என்று எழுத்தில் கொடுங்கள். ஷஃபிளை உடனே நிறுத்துங்கள், அதற்கு ஜனவரி வரை காத்திருக்க வேண்டியதில்லை. வாட்ஸ்அப் குழுவில் இருக்கும் மதிப்பெண் பட்டியலை நீக்கிவிட்டு, இனி ஒரு பிள்ளையின் மதிப்பெண்ணை அந்தப் பிள்ளைக்கும் பெற்றோருக்கும் மட்டும் சொல்லுங்கள்.

ஓவியம், விளையாட்டு, நூலகம் மூன்றையும் எல்லாப் பிரிவுக்கும் திருப்பிக் கொடுங்கள். ஏ பிரிவுப் பிள்ளைகளுக்கும் சேர்த்துத்தான் கேட்கிறேன். ஃபவுண்டேஷன் வேண்டும் என்கிறவர்களுக்குப் பள்ளி நேரத்துக்கு வெளியே வையுங்கள், அதுவும் ஏழாம் வகுப்பில் தேவையா என்று பெற்றோரைக் கூட்டிப் பேசிவிட்டு. பாடம் வராத பிள்ளைகளுக்கு, எந்தப் பாடத்தில் எந்த இடம் வரவில்லை என்று பார்த்து, வாரத்தில் சில மணி நேரம் சின்னக் குழுவாக உட்கார வைத்துச் சொல்லிக்கொடுங்கள். கணக்கைத் தமிழில் விளக்கினால் புரியும் பிள்ளைக்குத் தமிழில் விளக்க ஆசிரியருக்கு அனுமதி கொடுங்கள். வகுப்பில் தமிழ் பேசினால் அபராதம் என்ற விதியை எடுத்துவிட்டால் அதில் பாதி நடந்துவிடும். தப்பை 20 முறை எழுத வைக்கும் தண்டனை இனி வேண்டாம்.

மதிப்பெண் அட்டையில் ஒரு பக்கத்தை ஒதுக்குங்கள். இந்தப் பிள்ளைக்கு எது நன்றாக வருகிறது என்று வகுப்பாசிரியர் தன் கையால் நாலு வரி எழுதட்டும். அந்த நாலு வரி எழுத அவர் அந்தப் பிள்ளையைப் பார்த்தாக வேண்டும், அதுதான் எனக்கு வேண்டியது. டி பிரிவில் நாள் முழுக்கப் படம் வரைகிற பையன் ஒருவன் இருக்கிறான். சண்டை போடும் பிள்ளைகளைச் சமாதானம் செய்கிற பெண் ஒருத்தி இருக்கிறாள். பேருந்து எண், நேரம், நிறுத்தம் என்று மாவட்டத்தையே மனத்தில் வைத்திருக்கும் ஒருவன் இருக்கிறான். என் மகள் சொல்லித்தான் எனக்கே தெரியும். பள்ளிக்குத் தெரியுமா?

கடைசிப் பெயராக வாசிக்கப்பட்ட பையனை முதல்வர் அம்மா தனியாகக் கூப்பிட்டு, அப்படிச் செய்தது பள்ளியின் தவறு என்று சொல்ல வேண்டும். அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட வைப்பதும் உங்கள் பொறுப்பு.

பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417-இல் புகார் கொடு, மாவட்டக் கல்வி அலுவலகத்துக்குப் போ என்று பலர் சொன்னார்கள். முதலில் உங்களோடு உட்கார்ந்து பேசவே விரும்புகிறேன். அரையாண்டுத் தேர்வு தொடங்கும் முன் ஏழாம் வகுப்புப் பெற்றோர் கூட்டம் ஒன்றைக் கூட்டுங்கள், ஞாயிற்றுக்கிழமையாக இருந்தால் கம்பெனி வேலைக்குப் போகிற நாங்கள் எல்லோரும் வர முடியும். இந்த மடலில் கேட்ட ஒவ்வொன்றுக்கும் முடியும், முடியாது, எப்போது என்று அங்கே பதில் சொல்லுங்கள்.

ஒன்று மட்டும் இன்றைக்கே வேண்டும். இந்த மடலை எழுதியது நான். என் மகளுக்கு இதில் என்ன இருக்கிறது என்று தெரியும், எழுதச் சொல்லி அவள் கேட்கவில்லை. வகுப்பில் அவளை எழுப்பி நிற்க வைத்து இதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்காதீர்கள். கேட்க வேண்டியதை என்னிடம் கேளுங்கள். என் செல்போன் எண் உங்கள் அலுவலகத்தில் இருக்கிறது, இரண்டு கடிதத்தின் கீழேயும் எழுதியிருக்கிறேன்.

இப்படிக்கு,
ஏழாம் வகுப்பு டி பிரிவு மாணவி ஒருத்தியின் அம்மா,
திருப்பூர்.